மயில் மூடி லைட்டர்

— இது வேண்டாமுங்க ராவுத்தரே. கயித்துத் திரியில கங்குதான் வரும், சுடரு வராது. மூடி போட்டதா, சட்டைப் பையில வெச்சா டப்பியாட்டத் தெரியறதா ஒண்ணு காட்டுங்க.

— இதக் கேளுங்க கவுண்டரே. இருவது வருசமா இந்தப் பெரிய கடைவீதியில வாச்சும் டார்ச்சும் லைட்டரும் விக்கறேன். ஆடிக் காத்துல நின்னு சுருட்டுப் பத்த வெக்கறதுக்குக் கயித்துத் திரிய அடிச்சுக்க இன்னொண்ணு கெடையாது. காத்து வீச வீசக் கங்கு செவக்கும். பெட்ரோலு லைட்டரு சிகரெட்டுக்கு ஆகும். சுருட்டு நொம்பத் தடிமன், பத்தறதுக்குச் சித்த நேரம் புடிக்கும், அதுக்குள்ள பெட்ரோலு வாசம் ஏறிப்போவும். மொத இழுப்பே வெளக்கெண்ணெய் குடிச்சாப்பல இருக்கும்.

— இருக்கட்டுமுங்க.

— நீங்க புடிக்கறது திண்டுக்கல்லுச் சுருட்டுங்களா, திருச்சினாப்பள்ளிங்களா?

— புடிக்கறத உட்டுப்போட்டனுங்க. பத்து நாளாச்சு.

— சுருட்ட உட்டுப்போட்டு லைட்டரு வாங்க வந்திருக்கீங்க! நல்லா இருக்குதுங்க கதை.

— எனக்கில்லீங்க. மேஜிஸ்ட்ரேட்டு அய்யாவுக்குக் காட்டோணும். நாளைக்குக் கோர்ட்டு.

— கோர்ட்டா? அங்க என்ன சோலிங்க உங்களுக்கு?

— நான் ஜின்னிங் பேக்டரியில கேட்டு வாச்மேனுங்க. ரயில் கேட்டுக்கு அக்கட்ட, பஞ்சுக் குடோனு எரிஞ்சுபோச்சே, அந்தப் பேக்டரி.

— யா அல்லா! அஞ்சு பேரு மவுத்தாப்போனாங்களே, அதா?

— அஞ்சுல ஒண்ணு என்ற சம்சாரமுங்க.

— ஏனுங்க கவுண்டரே, மொதல்ல இப்பிடி உக்காருங்க. வந்ததுமே சொல்லக் கூடாதுங்களா? நான் பாட்டுக்குச் சுருட்டு வாசம் பேசிட்டு நிக்கறேன்.

— உக்கார வரலீங்க. லைட்டருன்னா பீர் முகம்மது ராவுத்தரு கடைதான்னு சொன்னாங்க, வந்தேன். நெருப்ப உள்ள கொண்டு போனவன் ஆருன்னு எனக்குத் தெரியுமுங்க. கண்ணையா மேஸ்திரி. லாக்கப்புல கெடக்கறான். நாளைக்கு நான் சொல்ற சாட்சியிலதான் அவன் உள்ள போறதும் வெளிய வாரதும்.

— கண்ணால பாத்தீங்களா?

— கேட்டுல நாந்தானுங்க நிக்கறேன். ஆம்பளைங்கள ஒருத்தன் உடாமத் தடவிப் பாத்து, பீடி, தீப்பெட்டி எல்லாம் வாங்கி மரப்பொட்டியில போட்டுப்போட்டுத்தான் உள்ள உடுவேன். அன்னைக்குக் கண்ணையா சட்டைப் பையில தகர டப்பி ஒண்ணு இருந்துச்சு. என்னடான்னேன். பொடி டப்பின்னான். எனக்குத் தீப்பெட்டின்னாத்தானுங்க நெருப்பு. டப்பிக்குள்ள நெருப்பு இருக்கும்னு ஆரு கண்டாங்க? போன்னு உட்டுப்போட்டேன்.

— அவரு பொடி போடறவருங்களா?

— போடுவான். அதச் சாக்கா வெச்சுத்தான் ஏமாத்திப்போட்டான். சாம்பலுக்குள்ள இருந்து இன்ஸ்பெக்டரு ஒரு டப்பி எடுத்தாரு. பொடி டப்பி இல்லய்யா, லைட்டருன்னாரு. அப்பத்தானுங்க எனக்கு உறைச்சுது. அவருகிட்டக் கண்ணையா பேரச் சொன்னேன்.

— கண்ணையா என்னங்கறாரு?

— என்றது நெசமாலுமே பொடி டப்பிதான், ஆளுங்களத் தூக்கறப்ப எங்கயோ உளுந்துபோச்சுங்கறான்.

— ஆளுங்களத் தூக்கறப்பன்னா?

— உள்ள ஓடி மூணு பேரத் தூக்கியாந்தானுங்க. என்ற சம்சாரத்தையும் அவந்தான் தூக்கியாந்து வாசல் மண்ணுல கெடத்துனான். ரெண்டு கையும் வெந்து, தோலு உரிஞ்சு தொங்குச்சு.

— கவுண்டரே! உங்க ஊட்டம்மாவத் தூக்கியாந்த கைக்கா வெலங்கு போடச் சொல்றீங்க?

— நெருப்பு வெச்சவனுக்குத்தானுங்க அத்தன பதட்டம் வரும்! எனக்கு வரலியே. நான் ஓடலியே. என்ன ஆனாலும் கேட்ட உட்டு நகரக் கூடாதுன்னு மேனேஜரு சொல்லியிருந்தாரு. நின்னுட்டே இருந்தனுங்க. ஓட்டு மேல பொகை கெளம்பறதப் பாத்துட்டே நின்னேன்.

— அழுவாதீங்க. உங்க கோவம் அவரு மேல இல்லீங்களே, உங்க மேலதானுங்களே?

— எதுவோ. எவனோ ஒருத்தன் உள்ள போவோணுமில்லீங்களா? காங்கேயத்துப் பக்கம் காடு காஞ்சுபோச்சு, மாட்ட வித்துப்போட்டு ரெண்டு பேருமா இந்த ஊருக்கு வந்தோம். இப்ப ஒத்த ஆளா ஊட்டுல உக்காந்திருக்கேன். சோத்தப் பெசஞ்சா எறங்க மாட்டேங்குது. அவன் ஜெயிலுக்குப் போனாத்தான் எறங்கும். நேத்து அவன் சம்சாரம் என்ற வாசல்ல வந்து உளுந்து கும்புட்டா. கதவச் சாத்திப்போட்டேன்.

— பாவமுங்க அது.

— பாவ புண்ணியமெல்லாம் பொறவு பாக்கலாம். டப்பியாட்ட லைட்டரக் காட்டுங்க. அதையும் ஒரு பொடி டப்பியையும் ஜோடியா வெச்சு, பாருங்க எசமான், இதுல எது எதுன்னு எந்த வாச்மேனுக்குத் தெரியும்னு கேக்கோணும்.

— இருங்க, எடுக்கறேன். இது சக்கரம் வெச்சது, கட்டை வெரல்ல உருட்டோணும். டப்பின்னு சொல்ல முடியாது. இது மேசை மேல வெக்கறது, வக்கீலுங்க வாங்குவாங்க. ம்... இதப் பாருங்க. ஜப்பான் சரக்கு. பக்கத்துல குமிழு இருக்குதுங்களா? அத அமுக்குனா மூடியும் தொறக்கும், சுடரும் புடிக்கும். ரெண்டும் ஒரே அமுக்குல.

— இதேதானுங்க! எங்க, அமுக்கிப் பாக்கறேன். அட கெரகமே, தொட்டதுக்கே புடிச்சுப்போச்சே!

— நொம்ப லேசுங்க. இடுப்புல இறுக்கிச் சொருகுனாக் கூடத் தொறந்துக்கும். பாத்து வெக்கோணும்.

— ஆனா இதுல குதிரை போட்டிருக்குது. சாம்பல்ல கெடந்ததுல குதிரை இல்லீங்க.

— அதுல என்ன இருந்துச்சு?

— பாதி உருகிப்போச்சு. தோகை மட்டும் நல்லாத் தெரிஞ்சுது. மயிலுங்க.

— சேவலா இருக்குமுங்க. சேவலுக்கும் வாலு நீளந்தானே. நல்லாப் பாத்தீங்களா?

— இன்ஸ்பெக்டரு என்ற கையில குடுத்தாரு. மயிலேதான். ஏனுங்க ராவுத்தரே, மூஞ்சி ஏன் இப்பிடி வெளிறுது?

— இந்தச் சரக்குல ரெண்டே ரெண்டுதானுங்க வந்துச்சு, பம்பாயில இருந்து. கோயமுத்தூருல வேற கடையில கெடையாது. ஒண்ணு இந்தக் குதிரை. இன்னொண்ணு மயிலு.

— அதான் பாத்தேன்! கண்ணையாவுக்குத்தானே வித்தீங்க? செவப்பா, ஒசரமா, காதுல கடுக்கன் போட்டவன். நாளைக்கு நீங்களும் வந்து சொல்லோணுமுங்க.

— அவருக்கு இல்லீங்க. ஒரு பொம்பளைக்கு.

— பொம்பளைக்கா?

— உங்க பேக்டரி எரிஞ்ச அன்னைக்குத்தான். வெள்ளிக்கெழமை. ஜும்மா தொழுதுட்டு வந்து கடையத் தொறக்கறேன், வாசல்ல நிக்குது. தலைக்குத் தண்ணி ஊத்தியிருந்துச்சு, அப்பிடியும் காதோரம் பஞ்சுப் பிசுறு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கோணும்.

— எந்தப் பேக்டரின்னு கேட்டீங்களா?

— கேக்கலீங்க. பைக்காரா கரண்டு வந்த பொறவு ஊரு முச்சூடும் மில்லுதானுங்களே. எந்தப் பொம்பள தலையில பஞ்சு இல்ல?

— அதுக்கு எதுக்குங்க லைட்டரு?

— ஊட்டுக்காரருக்குங்க. ஆடி நோம்பிப் பண்டிகைக்குக் குடுக்கோணும், அதுவரைக்கும் அவருக்குத் தெரியக் கூடாதுன்னுச்சு. பகலெல்லாம் வெளிய நின்னுட்டே இருக்கற சோலியாமா. காத்துல குச்சி நிக்கறதில்ல, ஒரு சுருட்டுக்கு நாலு குச்சி கிழிச்சு வெரலச் சுட்டுக்கறாருன்னுச்சு. உங்களுக்குச் சொன்ன மாதிரியேதான் அதுக்கும் சொன்னேன், கயித்துத் திரி எடுத்துக்க அம்மணின்னு. கேக்கல. மயிலப் பாத்துப்போட்டு அதுலயே கண்ணு. நாந்தான் பெட்ரோலு ஊத்தி அமுக்கிக் காட்டுனேன். வாங்கி மடியில சொருகிக்கிச்சு.

— மடியிலயா?

— மடியிலதானுங்க. ஆமா, பொம்பளைங்களக் கேட்டுல சோதிக்கறதில்லீங்களா?

— பொம்பளைங்க மடியில நான் கை வெக்க முடியுங்களா? அம்மணி, தீப்பெட்டி இருக்குதான்னு கேப்பேன். இல்லீங்கன்னு சொல்லிப்போட்டுப் போவாங்க. ராவுத்தரே... அந்தப் பொம்பள சிரிச்சுதா?

— என்னங்க கேள்வி இது? ஆமா, பேரு கேட்டப்ப சிரிச்சுது.

— எப்பிடி? முந்தானியில வாய மூடிட்டு, தோளு குலுங்கவா?

— அப்பிடியேதானுங்க. அப்ப உங்க பேக்டரி ஆளுதானா? அடையாளம் தெரியுதுங்களா?

— என்ன பேரு கேட்டீங்க? அத மொதல்ல சொல்லுங்க.

— மூடிக்கு அடியில பேரு வெட்டித் தாரதுண்டு. ஊட்டுக்காரரு பேரு என்ன அம்மணின்னேன். புருசன் பேர எந்தப் பொம்பள வாய்விட்டுச் சொல்லும்? முருகன் குடியிருக்கற மலைங்க, அதான் அவரு பேரு, அதுக்குத்தானுங்க மயிலுன்னுச்சு. பழனியான்னேன், இல்லீங்கன்னு சிரிச்சுது. மருதமலையான்னேன், அதுக்கும் சிரிப்பு. அதுக்குள்ள மத்தியான ஷிப்ட்டுக்கு மொதச் சங்கு ஊதிப்போச்சு. நேரமாச்சுங்க, நோம்பி முடிஞ்சு அவரையே கூட்டிட்டு வாரேன், அவரு வாயாலயே சொல்லட்டும்னு ஓட்டமா ஓடிப்போச்சு. ஊட்டுல வெச்சுப்போட்டுப் போவ நேரமில்ல போல.

— நேரமில்லீங்க. சங்கு ஊதுனா இங்கிருந்து நேரா கேட்டுக்குத்தான் வரோணும்.

— கவுண்டரே, சித்த தண்ணி குடிங்க.

— வேண்டாமுங்க.

— இதக் கேளுங்க. நாளைக்கு நானும் கோர்ட்டுக்கு வாரேன். மயில் லைட்டரு கண்ணையாவுக்கு விக்கலைன்னு குரான் மேல கை வெச்சுச் சொல்றேன். அந்த மனுசனுக்குக் கையும் போயி மானமும் போவக் கூடாது.

— சொல்ல வேண்டாமுங்க! செத்தவள எதுக்குச் சந்தியில இழுக்கோணும்? தன்னையும் சேத்து அஞ்சு பேரக் கொளுத்துனவளுன்னு ஊரு பேசும். அவ பேரச் சொல்லி ஒருத்தன் வெளக்கு வெக்க முடியுமா? அவ புருசன் எப்பிடித் தலை காட்டுவான்?

— செத்துப்போச்சுன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— நெருப்ப மடியில வெச்சிருந்தவ பொழைப்பாளா?

— அதுவும் நெசந்தான். ஆனா அந்தப் பொம்பள மேலயும் தப்பில்லீங்க. ஆசைப்பட்டு வாங்குச்சு, அவ்வளவுதான். பெட்ரோலு ஊத்திக் குடுத்தவன் நான், பஞ்சப் பாத்தும் ஒரு வார்த்த சொல்லாம உட்டவன் நான். வேணும்னா என்ன உள்ள போடட்டும். கண்ணையா எதுக்குப் போவோணும்?

— நீங்க சொன்னா ஆரு நம்புவாங்க? அவ பேரு தெரியுமா உங்களுக்கு?

— அங்கதானுங்க முட்டுது. அது பேரையும் கேக்கல. புருசன் பேரு ஏதோ ஒரு மலைன்னு நின்னா மேஜிஸ்ட்ரேட்டு சிரிப்பாரு. மேஸ்திரியக் காப்பாத்த ராவுத்தரு சோடிச்ச கதைம்பாரு. அந்தப் புருசன் வரோணும். வந்து, அது என்ற சம்சாரந்தான்னு அவரு வாயால சொல்லோணும்.

— வராமப் போனா?

— வராமப் போனா உங்க சாட்சிதான் செல்லும். கண்ணையா உள்ள போயிருவாரு. உங்களுக்கும் சோறு எறங்கும்.

— எறங்குமுங்களா?

— அது உங்களுக்குத்தானுங்க தெரியும். குதிரைய மடிச்சுக் கட்டட்டுங்களா?

— கட்ட வேண்டாமுங்க. காயிதமும் பேனாவும் எடுங்க.

— எடுத்துட்டேன். எதுக்குங்க?

— நாளைக்குக் கோர்ட்டுல நின்னா என்ற நாக்கு பொரண்டாலும் பொரண்டுரும். இப்பவே எழுதி உங்ககிட்டக் குடுத்துப்போடறேன். கண்ணையா வெச்சிருந்தது பொடி டப்பிதான்னு எழுதுங்க. அன்னைக்குக் கேட்டுல அத்தன பொம்பளைங்களையும் நிறுத்திக் கேட்டேன், ஒருத்திய மட்டும் கேக்கலைன்னு எழுதுங்க.

— எழுதிட்டேன். ஆருங்க அந்த ஒருத்தி?

— ராசாத்தாளுங்க. ஊட்டுக்காரன் பேரு சென்னிமலைன்னு எழுதிப்போட்டு மையக் குடுங்க, கைநாட்டு நான் வெக்கறேன்.