கோட்டுப் போட்டுக்கொண்டு காத்திருப்பவர்

வெரிபீ ஊருக்குப் போகும் மாலை ரயிலில் எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். முதியோர் இல்லச் சீருடையில் இருந்த மனைவி, உட்கார்ந்ததும் வெடித்தார்.

“படத்திலை இருபது தரம் செத்த மனிசன், இப்ப என்ரை உயிரை எடுக்குது!”

“ஆர், அந்த இங்கிலாந்து நடிகரோ?”

“அவரேதான். நேற்றும் ராச்சாப்பாடு சாப்பிடேல்லையாம். கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடிக் கதிரையிலை இருந்தவராம். நான் திரும்பி வருவன் எண்டு சொன்னனானாம்.”

“சொன்னனீரோ?”

“வேலை முடிய, போயிட்டு வாறன் எண்டதை இங்கிலீசிலை சொன்னனான். எல்லாரிட்டையும் அப்பிடித்தானே சொல்லுறது?”

“வெள்ளைக்காரருக்கு அது விளங்குமே?”

“அறுபது வருசமா நாடகத்திலையும் படத்திலையும் சின்னச் சின்ன வேசம். ஒரு வசனம் பேசுறதுக்கு நாள் முழுக்க உடுப்போடை காத்திருந்து பழகினவர். கூப்பிடாமல் எழும்பமாட்டாராம். மனேஜர் இண்டைக்கு என்னைத்தான் ஏசினவா.”

“ஐயோ, போறன் எண்டு சொல்லிப்போட்டு வாருமன்! ஒரு சொல்லுத்தானே!”

மனைவி அவரை முறைத்தார்.

“படத்திலை அவர் எத்தினை தரமும் சாகட்டும். தொண்ணூறு வயசு மனிசன்ரை முகத்தைப் பாத்து, நான் போறன் எண்டு சொல்லுறதே? நீங்கள் சொல்லுவியளோ?”

கணவன் நெற்றியைத் தேய்த்தார்.

“அப்ப இண்டைக்கு என்ன சொல்லிப்போட்டு வந்தனீர்?”

“போயிட்டு வாறன் எண்டுதான். இப்ப கோட்டைப் போட்டிருப்பார்.”