அமுங்கிய நரம்பு

பகல் ரெண்டு மணி. யாரும் சிரிக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன். பேய் ராத்திரி டூட்டி மட்டும்தான் பாக்கும்னு யார் சொன்னது உங்களுக்கு? நல்ல உச்சி வெயில். ஈ காக்கா இல்லாத புறவழி ரோடு. அதுல ஒத்தைக் கார் போயிட்டிருக்கு... உள்ள இருந்தது என் சிநேகிதியோட சித்தப்பா. மயக்க மருந்து டாக்டர். வீட்டுப் பிள்ளைங்களுக்கு அவர் 'ஊசிச் சித்தப்பா'. சாப்பிட வீட்டுக்குப் போயிட்டிருந்தவருக்கு ஆஸ்பத்திரியில இருந்து போன். அப்படியே வண்டியைத் திருப்பிட்டார்.

ஐ.சி.யு.வுல ஒரு பொம்பளை. ரெண்டு சின்னப் பிள்ளைங்களுக்குத் தாய். காய்ச்சல் முத்தி, ரத்தமெல்லாம் கிருமி. பிரஷர் மளமளன்னு இறங்குது. கையில நரம்பு கிடைக்காம நர்ஸம்மா குத்திக் குத்தி ஓய்ஞ்சு போயிட்டாங்க. கழுத்து நரம்புல குழாய் போட்டு மருந்து ஏத்தினாத்தான் உயிர். இல்லேன்னா சாயங்காலம் வரைக்கும் தாங்காது. வாசல்ல அவ புருஷன். அழல, பதறல. "கழுத்துலயா போடப் போறீங்க?"ன்னு மட்டும் கேட்டான். சித்தப்பாவுக்கு அது என்னமோ சரியாப் படல.

இப்ப நல்லா கவனிங்க, அப்புறம் புரியலேன்னு என்னை நோண்டக் கூடாது. கழுத்துல ஜெல் தடவி ஸ்கேன் கருவியை வெச்சா, திரையில ரெண்டு கறுப்பு வட்டம் தெரியும். பெருசு நரம்பு. சின்னது இதயத்துல இருந்து வர்ற துடிக்கிற குழாய். கருவியால லேசா அழுத்தினா நரம்பு தட்டையாயிடும். துடிக்கிற குழாய் அவ்வளவு லேசுல மசியாது. எதுல குத்தணும், எதுல குத்தக் கூடாதுன்னு அப்படித்தான் பார்ப்பாங்க.

கழுத்துக்கு ரத்தம் இறங்கட்டும்னு சித்தப்பா கட்டிலோட தலைப்பக்கத்தைத் தாழ்த்தினார். நரம்பு திராட்சை மாதிரி திரண்டு நின்னுச்சு. ஊசியைக் கிட்ட கொண்டு போனார்... தட்டை. கோடு மாதிரி ஆயிடுச்சு. நம்ம கைதான் அழுத்துது போலன்னு கையை லேசாக்கினார். ம்ஹூம். ஊசியைப் பின்னால எடுத்தார். நரம்பு திறந்துச்சு. மறுபடி கிட்ட போனார். மூடிக்கிச்சு.

முதல்ல நர்ஸம்மா மேல சந்தேகம். கட்டில்ல சாயறீங்களான்னு சிடுசிடுத்து அவங்களைத் தள்ளி நிக்கச் சொன்னார். அப்புறம் மிஷின் மேல. பக்கத்து வார்டுல இருந்து வேற மிஷின் வந்துச்சு. இடது பக்கக் கழுத்துல பார்த்தார். அங்கயும் அதே கூத்து. புருஷன்காரன் கேட்டது ஞாபகம் வந்துச்சு. பாவி ஏதாவது பண்ணிட்டானோன்னு துணியை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். விரல் தடம் ஒண்ணுமில்ல. தோல் சுத்தமா இருந்துச்சு.

அப்பத்தான் அந்த வாடை. ஸ்பிரிட் வாடைக்கு நடுவுல... ரொம்ப நாள் பூட்டி வெச்ச அலமாரியைத் திறந்த மாதிரி. மானிட்டர்ல பீப்... பீப்... இழுத்துக்கிட்டே போச்சு. சித்தப்பா திரையைப் பார்த்தார். துடிக்கிற குழாயும் மெல்ல மெல்ல அமுங்குது. அவர் கருவி தோலைத் தொட்டும் தொடாம இருக்கு. குழாய் அப்படி அமுங்கணும்னா ஒருத்தர் பலங்கொண்ட மட்டும் கழுத்தை நெரிக்கணும்.

பசி, பயம், ஆத்திரம். கண்ணு முன்னால ஒரு உயிர் போகுது. அவர் யாரைப் பார்த்துச் சொன்னார்னு அவருக்கே தெரியாது.

"வேணும்னா என் கழுத்தைப் பிடிச்சுக்கோ. இவளை விட்டுத் தொலை."

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. திரையில நரம்பு கொழுகொழுன்னு திறந்துச்சு. ஊசி, கம்பி, குழாய் எல்லாம் வழுக்கிக்கிட்டு உள்ள போச்சு.

அந்தப் பொம்பளை பிழைச்சுக்கிட்டா. அவ கண்ணைத் திறந்த அன்னைக்குப் புருஷன் சித்தப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். அவனைப் பெத்த அம்மாவுக்கும் கழுத்துலதான் குழாய் போட்டாங்களாம், பிழைக்கலையாம். அந்தப் பயத்துலதான் அன்னைக்கு மரமா நின்னிருக்கான், பாவம். அநியாயமா சந்தேகப்பட்டோமேன்னு சித்தப்பாவுக்கு வெட்கமாப் போச்சு. அப்போ அழுத்தினது யாருன்னு மட்டும் அவர் யோசிக்கவே இல்ல. யோசிக்கப் பிடிக்கல.

அடுத்த வாரம் புது ஸ்கேன் மிஷின் விக்க ஒருத்தன் வந்தான். நல்ல வாய்க்காரன். மிஷினைக் காட்டணும்னா ஒரு கழுத்து வேணுமில்லையா? டாக்டருங்க யாராவது படுத்துக் காட்டுறதுதான் அங்க வழக்கம். சித்தப்பா படுத்தார். ரெண்டு கையையும் வயித்து மேல கோத்துக்கிட்டார். நர்ஸம்மா கால்மாட்டுல நின்னாங்க. ஜெல் சில்லுன்னு பட்டுச்சு. விக்க வந்தவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காம வளவளன்னு பேசிக்கிட்டே இருந்தான். சட்டுனு நிறுத்தினான்.

"சார், கழுத்துல இருந்து கையை எடுங்க. நரம்பு அமுங்குது."

நர்ஸம்மா சித்தப்பாவோட வயித்தைப் பார்த்தாங்க. கோத்த கை கோத்தபடியே இருக்கு. அவன் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கிட்டிருக்கான்.

"சார்... இவ்வளவு அழுத்தாதீங்க சார். துடிக்கிற குழாயும் மூடுது."