அளவுக்கு ஒரு ஆள்

பாறையைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் எதையாவது வைத்துத்தான் எடுக்க வேண்டும், சார். இல்லாவிட்டால் அது மலையா கூழாங்கல்லா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. சின்னக் கல்லுக்குச் சுத்தியல் போதும். பெரிய பாறைச் சுவருக்கு ஆள் நிற்க வேண்டும்.

அன்றைக்கு நின்றவள் என் ஜூனியர், விடுதியில் என் அறைத்தோழி. வாய் ஓயாது, அதனால் வானொலி என்று கூப்பிடுவோம். நிலவியல் முதுகலையில் சேர்ந்தபோது அவளுக்குச் சுத்தியல் பிடிக்கவே தெரியாது. கற்றுக்கொடுத்தது நான். "அக்கா இல்லேன்னா எப்பவோ மூட்டையைக் கட்டியிருப்பேன்" என்று அவளே எல்லாரிடமும் சொல்வாள்.

எங்கள் பேராசிரியரிடம் முனைவர் பட்டத்துக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. நான் படிப்பு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், அவருடைய கல் மூட்டைகளைச் சுமந்துகொண்டு அதற்காகவே காத்திருந்தேன். அவளுக்குக் கொடுத்துவிட்டார். "அவளுக்குக் கண்ணு இருக்கும்மா. உனக்கு உழைப்பு இருக்கு," என்றார். உழைப்பு மாட்டுக்கும்தான் இருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவளை முதலில் வாழ்த்தியதும் நான்தான்.

கைவிட்ட குவாரிக்குள் சீனியர் முதலில் போய்ச் சுவரைத் தட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். கெட்டிப் பாறை கணீரென்று கேட்கும். உள்ளே பிளந்து, விழக் காத்து நிற்கிற பாறை பொத்தென்று கேட்கும். சீனியர் "வரலாம்" என்று சொல்லும்வரை மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். சொன்ன பிறகு யாரும் மறுபடி தட்டிப் பார்ப்பதில்லை, அது மரியாதை இல்லை.

அன்றைக்கும் நான்தான் முதலில் போய்த் தட்டினேன். பொத்தென்றது. கொஞ்சம் நகர்ந்து தட்டினேன், அங்கேயும் அப்படித்தான்.

"வரலாம்," என்றேன். "படத்துக்கு நின்னுட்டு, அப்படியே ஒரு துண்டு உடைச்சு எடுத்துக்கோ."

தலைக்கவசம் போட்டிருந்தாள். அவ்வளவு பெரிய கல்லுக்கு அது எம்மாத்திரம்.

போன வாரம் பேராசிரியரே கூப்பிட்டு அந்த இடத்தை எனக்குக் கொடுத்தார். நான் வாய் திறந்து கேட்கவில்லை. அவள் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்னம்மா சொன்னா?" என்று கேட்டார். "உங்களைத்தான் கூப்பிட்டாம்மா," என்றேன். பெற்றவளிடம் வேறு என்ன சொல்வது?

விசாரிக்க வந்த உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன். அவள் சுவரோரம் நின்று, "இங்க நின்னா போதுமாக்கா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி நில்லு," என்றேன். நின்றாள். பிறகு சுத்தியலை ஓங்கினாள்.

படம் நன்றாக வரட்டும் என்றுதான், சார், அப்படிச் சொன்னேன்.