பச்சைப் படி

முதலில் ஷூவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் இந்த ஊரைப் பார்க்க வந்திருக்கிறாரா, பார்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வந்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள நான் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பேன். பளிச்சென்ற ஓட்டப்பந்தய ஷூ என்றால் இரண்டாவது ரகம். திருமதி வால்ட்ராட் எக்கர் போட்டிருந்தது பழைய தோல் ஷூ. மேலே நன்றாகப் பாலிஷ் போட்டிருந்தது, அடிப்பக்கம் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. அவர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அதைப் பார்த்துவிட்டேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், மாரெஷால்லோ. நான் கவனித்தேன்.

உங்கள் போலீஸ் அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று ஒரு சொல் இருக்கிறது. நேற்று அதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். 'சுற்றுலா வழிகாட்டி ஓர்னெல்லா செனாரோவின் கவனக்குறைவால்' என்று. வழக்கறிஞர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், இதோடு முடிந்தது, உரிமத்தைச் சில மாதம் நிறுத்தி வைப்பார்கள், வீட்டுக்குப் போங்கள் என்று. வீட்டுக்குப் போனேன். சாப்பாடு இறங்கவில்லை. ஆயுசில் பாதியை இந்தத் தொழிலில் கழித்தவள் நான். ஒரு கிழவர் பாலத்தில் தடுக்கி விழுந்தார், ஒரு கைப்பை தொலைந்தது என்று என்மேல் ஒரு புகார் கிடையாது. அதனால்தான் காலையில் வழக்கறிஞரிடம் சொல்லாமல் நானே வந்திருக்கிறேன். அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். அது தப்பு.

நீங்கள் சலெர்னோக்காரர். உங்கள் ஊரில் கடல் கடலாக இருக்கும், தெரு தெருவாக இருக்கும். வெனிஸ் அப்படியில்லை என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஆஸ்திரியாவிலிருந்து வந்த பஸ். மலைப்பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஓய்வூதியக்காரர்களை விடியற்காலையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார்கள். மத்தியானம் இங்கே இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்ப ஏற்றிவிடுவார்கள். 'காதல் நகரத்தில் ஒரு மதியம்' என்று விளம்பரம். இந்த ஊரைக் கட்ட ஆயிரம் வருஷம் ஆயிற்று. இவர்கள் ஒரு பன்றி இறைச்சி ரொட்டியைத் தின்று முடிக்கிற நேரத்தில் அதைப் பார்த்து முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை. வாத்துக்கூட்டம் தெருவைக் கடந்தால் கோபமா வரும்?

கூட்டத்தோடு வந்த பஸ் கம்பெனி ஆள் கோஃப்ளர், என்னைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"ஓர்னெல்லாம்மா, நாலரைக்கு வண்டி கெளம்பிடும். அதுக்குள்ள எல்லாத்தையும் காட்டிடுங்க."

"எல்லாத்தையுமா?"

"முக்கியமானது போதும். பெரிய சதுக்கம், பெரிய பாலம், அப்புறம் அந்த முத்தம் குடுக்குற பாலம்."

முத்தம் கொடுக்கிற பாலம் என்று ஒன்று இந்த ஊரில் கிடையாது. அதை உண்டாக்கியது நான். கட்டணக் கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு சின்னப் பாலம் வரும். வரிசையில் நிற்பவர்கள் முனகாமல் இருக்கட்டும் என்று, ஒரு வருஷம், அதன்மேல் முத்தமிட்டால் பிரிவே கிடையாது என்று சொல்லிவைத்தேன். இப்போது மற்ற வழிகாட்டிகளும் அதையே சொல்கிறார்கள். புத்தகத்தில்கூட வந்துவிட்டது. இவர்களுக்கு இதைவிட நல்ல கதை எதற்கு?

அன்றும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் ஓடினோம். என் மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தபடி நான் முன்னால், அவர்கள் பின்னால். பூஹர் என்று ஒருவர், தொப்பையும் வாயுமாக, வழிநெடுகச் சந்தேகம் கேட்டுக்கொண்டே வந்தார்.

"இந்தத் தண்ணிய எத்தன வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துவாங்க?"

"வாய மூடுங்க, மானம் போவுது," என்றாள் அவர் மனைவி.

"ஏன், வீட்டுல மீன்தொட்டிக்கு நான்தானடி மாத்துறேன்."

முத்தப் பாலத்தில் ஜோடி ஜோடியாக ஏறினார்கள். பூஹரின் மனைவி கன்னத்தை நீட்டிக்கொண்டு, "சீக்கிரம் குடுத்துத் தொலைங்க, பின்னாடி ஆளு நிக்குது" என்றாள். பின்னால் நின்ற திருமதி எக்கர் சிரித்தார். "பூஹர், நீ குடுக்குற முத்தத்துக்கு அவ ரசீது கேக்கப் போறா பாரு," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். சாம்பல் நிறக் கோட்டு, கைத்தடி இல்லை, துணைக்கு யாரும் இல்லை. பெரிய சதுக்கத்தில் மற்றவர்கள் படம் எடுத்தபோது அவர் ஒரு தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார். படம் எடுக்காதவர்கள் எனக்குத் தொல்லை. அவர்களுக்கு எது போதும் என்று சொல்ல முடியாது.

கழிப்பறை வரிசை நீளமாக இருந்தது. அவர் என் பக்கத்தில் வந்தார்.

"ஓர்னெல்லா, ஒண்ணு கேக்கலாமா? இங்கதான் எங்கயோ ஒரு சின்ன வாய்க்கால். இரும்புப் பாலம். தண்ணிக்குள்ள எறங்குற படி. கல்யாணம் ஆன புதுசுல நானும் அலோய்ஸும் அங்க உக்காந்து கமலா ஆரஞ்சு தின்னோம். இதே பிப்ரவரி மாசம். மாடு வச்சிருக்குறவனுக்கு வேற எப்ப தேனிலவு?"

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இரண்டு சந்து தள்ளி. அந்தப் படிக்கு எதிர் வீட்டில்தான் நான் பிறந்தேன். அம்மா போன பிறகு நானும் தம்பியும் அதை விற்றுவிட்டோம். இப்போது அது விடுதி. நான் கரையோடு சேர்க்கிற கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், மெஸ்த்ரேயில் குடியிருக்கிறேன், காலையில் பஸ்ஸில் வந்து மாலையில் பஸ்ஸில் போகிறேன். இதெல்லாம் வழக்குக்குத் தேவையில்லை, எழுத வேண்டாம்.

"நேரம் இல்லம்மா," என்றேன்.

கோஃப்ளர்தான் குறுக்கே விழுந்தார். "கூட்டிட்டுப் போயி காட்டிட்டு வந்துடுங்க ஓர்னெல்லாம்மா. இந்த வரிசை இப்போதைக்கு நகராது."

கூட்டிக்கொண்டு போனேன்.

இப்போது தண்ணீரைப் பற்றி. வெள்ளம் வருவதைத்தான் வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். பிப்ரவரியில் அதற்கு நேர்மாறு. தண்ணீர் வற்றி வற்றிக் கீழே போய்விடும், வருஷம் முழுக்க முங்கிக் கிடந்த படிகள் வெளியே வந்துவிடும். அவை பச்சையாக இருக்கும். பாசி. அதில் நிற்க முடியாது, மாரெஷால்லோ. பூனைகூட நிற்காது. இந்த ஊர்ப் பிள்ளைகள் 'அம்மா'வுக்கு அடுத்துக் கற்றுக்கொள்கிற சொல் 'ஓச்சோ'. பார்த்து, ஜாக்கிரதை என்று அர்த்தம். படகுக்காரன் சொல்வான், சுமைவண்டி தள்ளுகிறவன் சொல்வான், நானே பேச்சுக்குப் பேச்சு சொல்வேன். எனக்கு அது பேச வருமுன்னே கன்னத்தில் ஓர் அறையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கப்பட்டது, அதே படியில். வெள்ளைக் கல் வரைக்கும் நம்முடையது, பச்சை தண்ணீருடையது என்பாள் அம்மா.

அங்கே தோனி புசெத்தோ தன் சரக்குப் படகிலிருந்து தண்ணீர்ப் பாட்டில் பெட்டிகளை எதிர்க்கரையில் இறக்கிக்கொண்டிருந்தான். எனக்குக் கை காட்டினான். திருமதி எக்கர் மேல்படியில், வெள்ளைக் கல்லில் உட்கார்ந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இவர்களை பஸ் ஏற்றிய கையோடு அதே நிறுத்தத்தில் இன்னொரு கூட்டம் எனக்காகக் காத்திருக்கும்.

"பெரிய கோயிலுக்குள்ள போகணும்னு இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"கோயில் எங்க ஊர்லயும் இருக்கு. அங்க உக்காந்து உக்காந்து சாவு வீட்டு ஞாபகம்தான் வருது." ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "உக்காருங்களேன் ஒரு நிமிஷம். இந்தாங்க, பாதி உங்களுக்கு."

"வேல இருக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் தொடங்கிக் காலில் வந்து நின்றது பார்வை. "பாவம், கால் கடுக்கும் உங்களுக்கு. நீங்க இந்த ஊர்லயே பொறந்தவங்களாச்சே, குடுத்து வச்சவங்க. கடைசியா எப்ப இப்படி சும்மா உக்காந்தீங்க?"

அதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. ஒரு கிழவி பேச்சுக்குக் கேட்ட கேள்வி. நேரமாகிக்கொண்டிருந்தது, அவர் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். மூன்று மணி நேரத்துக்கு வந்துவிட்டு, பழத்தைத் தின்றுகொண்டு, என் வீட்டு வாசலில் எனக்கே இடம் கொடுக்கிறார் என்பதும் ஒரு பக்கம் இருந்தது.

"நீங்க உக்காந்த எடம் இது இல்ல," என்றேன். "அப்ப எல்லாம் கீழ்ப்படியிலதான் உக்காருவாங்க. அங்க நின்னு பாத்தாத்தான் பாலம் முழுசாத் தெரியும். எறங்கிப் பாருங்க."

அவர் தயங்கினார். "பச்சையா இருக்கே, வழுக்காதா?"

"அது காஞ்ச பாசி. ஒண்ணும் ஆகாது."

ஜெர்மன் மொழியில்தான் சொன்னேன், தோனிக்கு ஒரு வார்த்தை புரியாது. அவர் என்னை நம்பினார். நம்பும்படியாகத்தான் நான் எப்போதும் பேசுவேன், தொழில் அப்படி. பாதிப் பழத்தைப் பத்திரமாக மேல்படியில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இடது கால் நின்றது. வலது கால் நிற்கவில்லை. படியின் விளிம்பில் தலை பட்ட சத்தம் பெரிதாக இல்லை, யாரோ கதவைச் சாத்தியது போலத்தான் இருந்தது. கோட்டு அவரை உள்ளே இழுத்துக்கொண்டது.

தோனி அந்தக் கரையிலிருந்து "ஓச்சோ, ஓச்சோ" என்று கத்தினான். கத்திப் பிரயோசனம் இல்லாத நேரத்தில் அவன் கத்தினான். பிறகு துடுப்பை எடுத்தான், படகை அவிழ்த்தான், தண்ணீரில் குதித்தான். நல்ல பையன். அவன் வந்து சேர்வதற்குள் நான் குடையைத் தூக்கிக்கொண்டு சந்து முனை திரும்பிவிட்டேன். கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். நீட்டவில்லை. இதையும் எழுதுங்கள்.

வரிசை அப்போதுதான் முடிந்திருந்தது. கோஃப்ளர் ஆட்களை எண்ணினார்.

"எக்கர் பாட்டி எங்க?"

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கணும்னு சொன்னாங்க," என்றேன். அது பொய்யில்லை.

பூஹர் சிரித்தார். "அவ அப்படித்தான். வுட்டா ராத்திரிக்கும் அங்கயே இருப்பா."

பெரிய பாலத்துக்கு அவர்களைக் கூட்டிப்போய், அதைக் கட்டியவரின் கதையைச் சொன்னேன். அன்றைக்கு நன்றாகச் சொன்னேன் என்றே நினைக்கிறேன். பூஹரின் மனைவி கைதட்டினாள். அதற்குள் ஆம்புலன்ஸ் படகின் சங்கு கேட்டது. இந்த ஊரில் அது எப்போதும் கேட்கிற சத்தம், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தோனி உங்களிடம் சொன்னதை நேற்று படித்தீர்கள். 'ஓர்னெல்லாவுக்கு வயசாயிடுச்சுங்க, பாவம். எப்பவும் ஓட்டம்தான் அவளுக்கு. கெழவி கீழ எறங்குனதக் கவனிச்சிருக்க மாட்டா.' எனக்கு உதவி செய்வதாக நினைத்துச் சொல்லியிருக்கிறான். அந்தச் சந்தில் பிறந்த நான் பச்சைப் படியைக் கவனிக்கவில்லையாம். அதை நீங்களும் நம்பி, முத்திரை குத்தி, எனக்கே படித்துக் காட்டினீர்கள். நாளைக்கு மற்ற வழிகாட்டிகள் படிப்பார்கள். பஸ்ஸில் வருகிற வாத்துகளில் ஒன்றைப் போல நானும் எதையும் பார்க்காமல் ஓடினேன் என்று பேசுவார்கள். அதற்கு நான் சம்மதிக்க முடியாது.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன், நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த ஷூ நிற்காது என்று தெரியும். அவர் கேட்டார், நான் வழுக்காது என்றேன். விழுவார் என்று தெரிந்து இறக்கினேன், விழுந்த பிறகு பார்த்துக்கொண்டு நின்றேன், பிறகு போனேன். வால்ட்ராட் எக்கரைக் கொன்றது நான். இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? சீக்கிரம் கொடுங்கள், ஒரு மணிக்கு லின்ஸிலிருந்து ஒரு பஸ் வருகிறது. போக விடமாட்டீர்கள், தெரியும், பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அவர் கேட்ட கேள்வியை நேற்று இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன், கடைசியாக எப்போது உட்கார்ந்தேன் என்று. அம்மா இருந்தபோது உட்கார்ந்திருப்பேன். சரியாக ஞாபகம் வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முன்பே சொல்லிவிட்டேன்.

ஏன் மேசைக்குக் கீழே குனிந்து பார்க்கிறீர்கள்? அவரும் இப்படித்தான் பார்த்தார். இந்த ஓட்டப்பந்தய ஷூவை நான் வேலைக்காகத்தான் போடுகிறேன், மாரெஷால்லோ. நான் இந்த ஊர்க்காரி.