மூண்டு சிவப்பு முடிச்சு

அதிலை இருக்காதேங்கோ ஐயா, அது தறிப்பலகை, ஆடும். உந்தக் கதிரையை இழுத்துப் போடுங்கோ. கிறகோரி அண்ணை இப்ப வந்திடுவார். கொழும்பாலை வந்த ஆளுக்கு இளநி பிடுங்குவிக்கப் போனவர்.

ஓம், நான் தங்கச்சிதான். யசிந்தா. என்னைப்பற்றியும் சொன்னவரோ? நூல் சுத்திக் குடுக்கிறவள் எண்டோ? சரி.

உந்தத் துணியைத்தானே சீமைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகப் போறியள்? தொட்டுப் பாருங்கோ. பூவில்லை, மயிலில்லை. சாம்பல் கோடும் கறுப்புக் கட்டமும்தான். முதல்முதல் தறியாலை இறக்கேக்கை குருநகர் ஊரே சிரிச்சது. பிரேதத்துக்குப் போர்க்கவோடி எண்டு பக்கத்து வீட்டு லூர்த்தம்மா கேட்டவள். உங்கடை கொழும்பு ஆக்கள் புதுமை புதுமை எண்டு தூக்கி வைச்சாப் பிறகுதான் வாய் மூடிச்சினம்.

அண்ணை நெய்யிறதைக் கண்ணாலை கண்டனீங்களோ? போட்டோவிலை மட்டுமோ? அப்ப இண்டைக்கு நெய்யச் சொல்லிப் பாருங்கோவன். கந்தோரிலை பேனை பிடிக்கிற கை, தறி நாடாவை எந்தப் பக்கத்தாலை எறியிறதெண்டும் அறியாது.

ஏன் ஐயா முழிக்கிறியள்? நெய்தது நான்தான். எல்லாம் நான்தான்.

முப்பத்தாறாம் ஆண்டிலை முதல் துணி கொழும்புக்குப் போகேக்கை, மனிசன் இல்லாத பொம்பிளை சபையிலை போய் நிண்டால் ஊர் கதைக்கும், இந்தமுறை என்ரை பேரிலை போகட்டும், பிறகு உண்மையைச் சொல்லுவம் எண்டு அண்ணை சொன்னார். கூடப்பிறந்தவனெல்லே, நம்பினன். அந்தப் பிறகு இன்னும் வரேல்லை. இப்ப சீமைக்கும் அவரின்ரை பேர்தான் போகுது.

என்ரை சொல்லை நம்பாட்டில் விடுங்கோ. துணியின்ரை மூலையைப் பாருங்கோ, மூண்டு சிவப்பு முடிச்சு. அண்ணை அதுக்கு என்ன விளக்கம் சொன்னவர்? பிதா, சுதன், பரிசுத்த ஆவியோ? கடவுளே!

எங்கடை கரையிலை வலையளைக் காயப்போட்டால் எல்லாம் ஒரே மாதிரித்தான் கிடக்கும். எது ஆரின்ரை எண்டு தெரிய, ஒவ்வொரு வீட்டாரும் ஓரத்திலை தங்கடை குறியை முடிஞ்சு வைப்பினம். அண்ணை சின்னனிலையே சாமிமாரிட்டை விடுதியிலை நிண்டு படிக்கப் போனவர், வலையைத் தொட்டும் அறியார். நான் துணியிலை குறியை முடிய முடிய, அவர் அதையும் வடிவுக்கெண்டு நினைச்சிட்டார்.

அந்தா, படலை திறக்குது. அவரோடை இப்ப ஒண்டும் கதைக்காதேங்கோ. இளநியைக் குடிச்சிட்டு, துணியோடை கடற்கரைக்குப் போய் ஆரிட்டையெண்டாலும் காட்டுங்கோ. மரியரட்ணத்தின்ரை குறியெண்டு உடனை சொல்லுவினம்.

மரியரட்ணம் என்ரை மனிசன். கடலுக்குப் போனவர், வலை மட்டும்தான் கரைக்கு வந்தது.