தறிக்குழிக்குள் இரண்டு பிள்ளைகள்

"ஷெல் வருது! இறங்கு! இறங்கு!"

என் கணவர் கத்துகிறார். முதலில் 'டொப்'. ஏவும் சத்தம். பிறகு 'கூ' என்று மேலே ஏறுகிறது. பிறகு வெடி. சுவர் அதிர்கிறது. இரண்டு பிள்ளைகளையும் கைக்கொருத்தியாக அள்ளுகிறார். ஓடுகிறார். தரையில் ஒரு குழி. பிள்ளைகளை அதற்குள் தள்ளுகிறார். மேலே குப்புற விழுகிறார். அவருடைய நெஞ்சுக்கு அடியில் ஏதோ படபடவென்று அறுகிறது.

"கயல், தலையைத் தூக்காதை! அப்பா இருக்கிறன்!"

இது முள்ளிவாய்க்கால் இல்லை. காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். ஆடி மாதம், பொழுது சாயும் நேரம். அம்மன் தெருமுனைக்கு வந்துவிட்டாள் என்று வாண வேட்டு விடுகிறார்கள். அந்தக் குழியும் பங்கர் இல்லை. நெசவு செய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிக்கிற தறிக்குழி. அறுந்தது, நெய்வதற்கு அதன் மேல் இழுத்துக் கட்டியிருந்த பட்டுப் பாவின் நீள இழைகள். உள்ளே கிடக்கும் பிள்ளைகளில் ஒருத்தி எங்கள் மூத்தவள் யாழினி. மற்றவள் வீட்டுச் சொந்தக்காரரின் மகள் பவித்ரா. நாலு வயது. கயல் எங்கள் சின்னவள். அவள் வன்னி மண்ணில் கிடக்கிறாள்.

அந்த வீட்டுக்கு நாங்கள் ஆனியில்தான் வந்தோம். அகதி முகாமிலிருந்து. சாயப்பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. வேலை கிடைத்த ஊரில் வீடு கிடைக்கவில்லை. "சிலோன்காரங்களா? போலீசு வரும்மா, வேணாம்மா." கதவு. அடுத்த தெரு. மறுபடியும் கதவு. சிலோனாம்! தேயிலைப் பொட்டலத்தில் போடுகிற பெயர் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயை மூடிக்கொண்டு அடுத்த கதவைத் தட்டுவேன். அந்த வாரம் வீடு கிடைக்காவிட்டால் முகாமுக்கே திரும்ப வேண்டும். ஒரு தகரத் தடுப்பு, கூரைக்கு ஒரு தறப்பாள். அங்கே யாழினி மூச்சிழுத்து மூச்சிழுத்து நீலம் பாரித்துப் போவாள்.

முருகேசனும் அவர் மனைவி தனலட்சுமியும் மட்டும் பின்னறையைத் தந்தார்கள். தனலட்சுமி ஒன்றுதான் சொன்னாள்.

"தறிய மட்டும் தொட்றாதீங்கமா. நாங்களே குளிக்காம ஏற மாட்டோம். அதான் எங்களுக்குச் சோறு போடுது."

தொடவில்லை. காலையில் 'தடக், தடக்' என்று தறிப்பலகை விழும். அந்தச் சத்தத்துக்கு என் கணவர் முதலில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு பழகினார். குழியைத்தான் அடிக்கடி பார்ப்பார். "நல்ல ஆழம்" என்றார் ஒருநாள்.

இப்போது முருகேசன் ஓடி வருகிறார். பின்னால் தெருவே வருகிறது.

"யோவ்! பொண்ண வுடுய்யா! வுடுய்யா!"

நாலு பேர் என் கணவரைப் பிடித்து இழுத்தார்கள். அவர் வரவில்லை. முதுகை வளைத்துக் குழியை மூடிக்கொண்டு கிடந்தார். ஒருவன் அடித்தான். அதற்கும் எழும்பவில்லை. வேட்டு நின்ற பிறகுதான் தலையைத் தூக்கினார். பவித்ராவின் முகத்தைப் பார்த்தார். வேறு பிள்ளை என்று அப்போதுதான் தெரிந்தது. ஐயோ, அந்த முகத்தை நான் என்னவென்று எழுதுவேன்!

அரக்குச் சிவப்புப் பாவு. யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தச் சேலை. நடுவில் வாயைப் பிளந்து தொங்கியது. முருகேசன் தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்களைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் பையைக் கட்டினேன். கட்டிப் பழகிய கைதானே. யாழினி ஒரு மூலையில், அவர் ஒரு மூலையில். முன்கட்டில் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். தறிச் சத்தம் இல்லை. பல நாள் இல்லை. போகச் சொல்லவும் இல்லை. அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, ஏவும் சத்தத்துக்கும் வெடிக்கும் இடையில் இருப்பது போல.

ஒரு மத்தியானம் தனலட்சுமி வாசலில் நின்றாள்.

"பவித்ரா கேட்டுக்கினே இருக்குது. கயலு யாருமா?"

சொன்னேன். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். நானும் அழுதேன். முகாமில் வராத அழுகை.

"எம் புள்ளைக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதுன்னுதானே அண்ணன் அது மேல படுத்துக்கினாரு. பைய பிரிங்கமா. பட்டு குடுத்த முதலாளி கத்துனாரு, கத்தட்டும். இனிமே வேட்டுன்னா நான் முன்னாடியே வந்து சொல்லிடறேன்."

சொன்னபடி செய்தாள். இந்த ஊரில் கல்யாணத்துக்கும் வேட்டு, சாவுக்கும் வேட்டு, எவனாவது தேர்தலில் ஜெயித்தாலும் வேட்டு. அந்த ஒரு வருடமும் அவள் கையில் மாவோடும் ஓடி வந்தாள், தலையில் எண்ணெயோடும் ஓடி வந்தாள். வன்னியில் எங்களை எச்சரிக்க யாரும் ஓடி வந்ததில்லை.

மறுபடி ஆடி. மறுபடி பொழுது சாய்கிறது. தெருவிலிருந்து அவள் குரல்.

"அண்ணா! வேட்டுதாண்ணா! சாமி வந்துக்கினு இருக்குது!"

டொப். அவர் கண்கள் குழிக்குப் போகின்றன. தரையிலேயே உட்காருகிறார். இரண்டு பிள்ளைகளையும் மடியில் இறுக்கி, காதுகளைப் பொத்துகிறார். கூ. வெடி. பவித்ரா திமிறுகிறாள்.

"மாமா, கைய எடு மாமா! சாமி பாக்கணும்!"

அவர் கையை எடுத்தார். பிள்ளைகள் வாசலுக்கு ஓடினார்கள்.

இழப்புகளின் கணக்கையும் எழுதி வைக்கிறேன். மறந்துவிடாதீர்கள். என் அம்மா. பங்கர் வாசலில், சோற்றுப் பானையோடு. என் கணவரின் தம்பி ரவி. தண்ணீர் எடுக்கப் போனவன் வரவில்லை. எங்கள் வீடு, கிணறு, இரண்டு பசுக்கள். கயல். நாலு வயது. பங்கருக்குள் இறக்க அவர் கையை நீட்டினார். எட்டவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் இழந்தது, ஒரு சேலைக்கான பாவு. பிள்ளைகள் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.