முதலில் போகவேண்டிய செய்தி

தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம், எனக்கு அது ஒத்துவராது. மற்றபடி நான் கரைச்சல் கொடுக்கிற ஆள் இல்லை. நீங்கள் பொலிஸ் என்று துருவித் துருவிக் கேட்கத் தேவையில்லை, வாக்குமூலத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஜெயரூபி, வீடு பாலையூற்றில். துறைமுகத்தின் கணினி வேலைகளைப் பார்க்கிற தரவு நிலையத்தில் கௌசிகாவும் நானும் பொறியியலாளர்கள். ஒரே ஸ்கூட்டியில் போய்வந்தோம், ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம். அவளுக்குச் சொந்த ஊர் திரியாய். அவளுடைய தம்பி நிருபன் கடலுக்குப் போகிறவன். எப்போது வந்தாலும், "இது ரூபியக்காவுக்கு" என்று எனக்கென்று தனியாகப் பாரை மீன் கொண்டுவருவான்.

எங்கள் வேலை பெரிய மந்திரமல்ல. எல்லாச் செய்தியும் ஒரே பாதையால்தான் வருகிறது. நெரிசல் வந்தால் எது முந்துவது, எது காத்திருப்பது என்று யாராவது முறை வகுக்கவேண்டும். ஒவ்வொரு செய்தியும் தன் அவசரத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வரும். வாசலில் இருக்கிற கருவிக்கு, அந்த அடையாளத்தை நம்பு என்று ஒரு கட்டளை எழுதி வைப்போம். எழுதாவிட்டால் கருவி யாரையும் நம்பாது. அடையாளத்தை அழித்துவிட்டுக் கடைசி வரிசையில் நிறுத்தும். அந்த வரிசை நிரம்பினால், வருகிற செய்தியை அப்படியே வெளியே தள்ளிவிடும்.

கடலில் அழுத்தினால் உதவி கேட்டுச் செய்தி அனுப்புகிற ஆபத்துப் பொத்தானைப் படகுகளில் பூட்டுகிற திட்டம் வந்தபோது, அந்தச் செய்திக்கே முதலிடம் என்று முறை வகுத்தவள் நான். கௌசிகா கூட இருந்தாள், அவ்வளவுதான். முகாமையாளர் கனகரத்தினத்திடம் விளக்கப் போகவேண்டிய அன்று நான் சற்றுப் பிந்திவிட்டேன். கதவைத் திறக்கும்போது அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஓம் சேர், இது நான்தான் செய்தனான்."

நாங்கள் செய்தனாங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் நோகாது. கூடப்பிறந்தவளாக நினைத்தவள் என்னை அப்படி வெட்டிவிட்டாள். அன்று மத்தியானமும் அவளோடுதான் சாப்பிட்டேன். அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, முகத்தையும் மாற்றவில்லை.

அடுத்த நாள் அந்த நம்பு என்ற கட்டளையை எடுத்துவிட்டேன். எதையும் உடைக்கவில்லை, எந்தக் கம்பியையும் அறுக்கவில்லை. அவளுடையது என்றால் அவளுடையதாகவே பிழையாய்ப் போகட்டும் என்று நினைத்தேன். பின்னேரங்களில் துறைமுகக் கமராக்களின் படமெல்லாம் எங்கள் நிலையத்துக்கு வந்து இறங்கும். பாதை நிரம்பி வழியும். அது எனக்குத் தெரியும். பரீட்சார்த்தமாக முதல் பொத்தான் நிருபனின் படகில் பூட்டியிருந்ததும் தெரியும்.

மாரிக் கடலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நிருபன் கடலில் இருந்த ஒரு பின்னேரம், கருவி வெளியே தள்ளிய செய்திகள் என் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. எந்தப் படகிலிருந்து என்பதும் கூடவே வரும். அவன் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான். எடுத்த கட்டளையை நான் திரும்ப எழுதியிருக்கலாம், விரல் நொடிக்கிற வேலை. ஆனால் கௌசிகா பக்கத்து மேசையில் இருந்தாள், என்ன எழுதுகிறாய் என்று கேட்டிருப்பாள்.

"ரூபி, தேத்தண்ணி குடிப்பமே?" என்றாள்.

"ஓம், வாறன்" என்று எழுந்து போனேன்.

நிருபனின் செத்த வீட்டில் வைத்துத்தான் கனகரத்தினம் எனக்கு மற்றக் கதையைச் சொன்னார். அன்று நான் கதவைத் திறக்க முன் அவர் அவளிடம் கேட்ட கேள்வி, "இது பிழைச்சால் நான் ஆரைப் பிடிக்கிறது?" என்பதாம். என் தலையில் பழி விழக்கூடாது என்று அவள் அப்படிச் சொன்னாளாம். இருக்கட்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லாமல் மறைத்ததும் துரோகம்தான், அதில் என் மனம் இன்னும் ஆறவில்லை.

அவள் நேற்று உங்களிடம் வந்து, பிழை தன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தாளாம். அதை நீங்கள் ஏற்கக்கூடாது. முறை வகுத்தது நான். அதைக் குலைத்ததும் நான். நிருபன் கூப்பிடக் கூப்பிடப் பார்த்துக்கொண்டு இருந்ததும் நான்தான். ஒருமுறை பேசாமல் விட்டுக்கொடுத்தேன், இதையும் அவள் தன் பெயரில் போட்டுக்கொள்ள நான் விடமாட்டேன்.